பெண் பாத்திரங்களின் தோற்றக்கதையும் மனக்காயமும்: காமிக்ஸ் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடிச் சித்திரக்கதை எழுதவும் வரையவும் பழகி வருகிறோம். கல்லூரி மாணவிகள், பள்ளி ஆசிரியர்கள், ஓர் அச்சகப் பணியாளர், சிவகாசியிலிருந்து பேருந்தில் வந்துபோகும் ஓர் இளைஞர் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். ஒரு பெண் பாத்திரத்தை உருவாக்கிக் கொண்டுவரச் சொன்னால், பெரும்பாலான பிரதிகளில் முதல் பக்கத்திலேயே அவளுக்கு ஏதேனும் ஒரு கொடுமை நடந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் எழுகின்றன. ஆகவே விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

தோற்றக்கதை என்பது என்ன? அதில் துயரம் இருந்தே ஆக வேண்டுமா?

ஒரு நாயகனோ நாயகியோ எவ்வாறு அந்த நிலைக்கு வந்தார் என்று சொல்லும் பகுதியே தோற்றக்கதை. நம் கோயில்களுக்குத் தலபுராணம் செய்யும் வேலையை அமெரிக்க காமிக்ஸுக்கு இது செய்கிறது. 1939-இல் பேட்மேனின் தோற்றக்கதை முதன்முதலாக வந்தபோது அதற்கு இரண்டே பக்கங்கள்தாம் ஒதுக்கப்பட்டன. தெருவில் பெற்றோர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சிறுவன் சபதம் செய்கிறான். வளர்ந்து பயிற்சி பெறுகிறான். ஒரு வௌவால் சன்னல் வழியே உள்ளே வருகிறது. அவ்வளவுதான். துயரம் கட்டாயமில்லை என்றாலும், ஒருவர் ஏன் ஊர் வழக்கத்தை விட்டு விலகி நடக்கிறார் என்பதற்கு எளிதில் சொல்லிவிடக்கூடிய காரணம் துயரம் என்பதால் எழுத்தாளர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆண் நாயகர்களும் துயரத்திலிருந்துதானே பிறக்கிறார்கள்? பெண்கள் விஷயத்தில் மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பேட்மேனுக்கு நேர்ந்த கொடுமை அவன் பெற்றோரின் உடலில் நடக்கிறது. அடுத்த கட்டத்திலேயே, அதாவது சட்டமிட்ட அடுத்த ஓவியத்திலேயே, அவன் ஒரு முடிவெடுக்கிறான். ஸ்பைடர்மேன் 1962-இல் அறிமுகமானபோதும் அப்படித்தான். அவன் தடுக்காமல் விட்ட திருடன், அவனை வளர்த்தவரைக் கொல்கிறான். அதன்பின் எப்படி வாழ்வது என்று அவனே தீர்மானிக்கிறான். பெண் பாத்திரத்துக்கோ கொடுமை அவள் உடலிலேயே, பெரும்பாலும் பாலியல் வன்முறையாக, நடத்தப்படுகிறது. முடிவெடுக்கும் இடம் அவளுக்குக் கிடைப்பதில்லை, அல்லது மிகத் தாமதமாகக் கிடைக்கிறது.

இன்னொன்று எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. துயரமே இல்லாமல் பிறந்த பெண் பாத்திரங்களுக்கும் பின்னால் வந்தவர்கள் தேடிப்பிடித்து ஒரு காயத்தை ஒட்டியிருக்கிறார்கள். 1940-இல் பேட்மேன் கதையில் கேட்வுமன் அறிமுகமானபோது, கிழவி வேடமிட்டு ஒரு படகில் நகை திருட வந்த துணிச்சல்காரி, அவ்வளவே. 1987-இல் ஃபிராங்க் மில்லர் பேட்மேனின் தொடக்க ஆண்டை மீண்டும் எழுதியபோது அவளைப் பாலியல் தொழிலாளியாக்கினார். 1979-இல் ஸ்பைடர்மேன் கதையில் பிறந்த பிளாக் கேட், திருடனாகிய தந்தையைப் பார்த்து அந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டவள். 2002-இல் தொடங்கி, நடுவில் நின்று, 2006-இல் முடிந்த ஒரு குறுந்தொடர், கல்லூரி நாட்களில் அவள் வல்லுறவுக்கு உள்ளானாள் என்று புதிதாகச் சேர்த்தது. ஒரு பெண் தன் விருப்பத்துக்காகவே கூரை மேல் ஏறித் தாவினாள் என்பதை அந்த எழுத்தாளர்களால் ஏற்க முடியவில்லை. அவளை யாரோ உடைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

‘ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்’ என்று சொல்கிறார்களே, அது எதைக் குறிக்கிறது?

1994-இல் வந்த, கிரீன் லேன்டர்ன் என்ற சூப்பர் ஹீரோவின் இதழ் ஒன்றில், நாயகன் வீடு திரும்பும்போது அவன் காதலி அலெக்ஸாண்ட்ரா கொல்லப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறாள். நாயகனின் கோபத்தைத் தூண்டுவதற்காகவே அவள் சாகிறாள். 1999-இல், அப்போது வாசகராக இருந்தவரும் பின்னாளில் புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் ஆனவருமான கெயில் சிமோன், இவ்வாறு கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சிதைக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு அதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஒரே இடத்தில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றபோதுதான், தனித்தனி இதழ்களில் தனித்தனி எழுத்தாளர்கள் எடுத்த முடிவுகளாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே பழக்கம் என்பது பலருக்குப் புரிந்தது.

பார்பரா கார்டன் கதையை ஏன் எப்போதும் எடுத்துக்காட்டுகிறீர்கள்?

ஒரே பாத்திரத்தின் ஒரே காயத்தை வெவ்வேறு எழுத்தாளர்கள் கையாண்ட விதத்தை அதில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது என்பதால்.

பார்பரா 1967-இல் பேட்மேன் கதைகளில் பேட்கேர்ள் என்ற நாயகி ஆனவர். நூலகர், படித்தவர், காவல் ஆணையரின் மகள். 1988-இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த கதையில், வீட்டுக் கதவைத் திறக்கிறார்; வாசலில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் துப்பாக்கியுடன் நிற்கிறான். குண்டு முதுகெலும்பைத் தாக்குகிறது. அவன் அவர் ஆடைகளைக் களைந்து புகைப்படம் எடுத்து, அந்தப் படங்களை அவர் தந்தையிடம் காட்டி அவரைப் பைத்தியமாக்க முயல்கிறான். ஓவியமும் வண்ணமும் அசாத்தியமானவை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கதை தந்தையைப் பற்றியது, ஜோக்கரைப் பற்றியது, பேட்மேனைப் பற்றியது. யாருக்குக் குண்டு பட்டதோ அவர் மருத்துவமனைக் கட்டிலில் சில கட்டங்கள் பேசிவிட்டுக் கதையிலிருந்து போய்விடுகிறார்.

கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளத் தம்பதியர் அவரை அப்படி விட்டுவிட விரும்பவில்லை. 1989-இல் தாங்கள் எழுதிவந்த வேறொரு தொடரில் ஆரக்கிள் என்ற பெயரில், முகம் காட்டாமல், கணினி வழியாகத் தகவல் தருபவராக அவரைக் கொண்டுவந்தார்கள். 1996-இல் ஒரு சிறுகதையில் அந்தச் சுட்ட நாளுக்குப் பின்னான மாதங்களைச் சொன்னார்கள். சக்கர நாற்காலிக்குப் பழகுகிறார், கோபப்படுகிறார், தான் அடிபட்டதுகூடத் தன்னைப் பற்றியதாக இல்லையே, பிறரை நோகடிக்கும் கருவியாகத்தானே தன்னைப் பயன்படுத்தினார்கள் என்று பேட்மேனிடமே கேட்கிறார். மூல இதழில் எழுத்தாளர் மறந்துபோன கேள்வியை எட்டு ஆண்டுகள் கழித்துப் பாத்திரமே கேட்டுவிட்டது. உட்கார்ந்த நிலையிலேயே குச்சிச் சண்டை பயில்கிறார். நூலகர் என்ற பழைய தொழிலே புதிய ஆற்றலாகிறது. குண்டு அவருக்கு ஆற்றல் எதையும் தரவில்லை. அவரிடம் முன்பே இருந்த அறிவு மிஞ்சியது.

என் கருத்து முழுவதும் இதில் அடங்கும். காயத்துக்கு முந்தைய நாள் அவள் யாராக இருந்தாள், என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால், காயத்துக்குப் பின்னும் அவள் அவளாகவே வருவாள். தெரியாவிட்டால் காயம் மட்டுமே வரும்.

கொடுமைக்குப் பின் தெய்வம் வரம் தந்து அவளை வீராங்கனை ஆக்குவதாக எழுதினால் என்ன தவறு?

ரெட் சோன்யா என்ற வாள்வீராங்கனைக்கு 1975-இல் எழுதப்பட்ட தோற்றக்கதை அப்படிப்பட்டது. குடும்பத்தை இழந்து வல்லுறவுக்கு ஆளான இளம்பெண்ணுக்கு ஒரு தேவி தோன்றி வாள்திறன் தருகிறாள். போரில் தன்னை வெல்லும் ஆணைத் தவிர வேறு யாருக்கும் உடன்படக்கூடாது என்பது நிபந்தனை. திறமை அவள் உழைத்துப் பெற்றதாக இல்லாமல் கொடுமைக்குக் கிடைத்த ஈடாக ஆகிவிடுகிறது. அதோடு, அவள் விருப்பத்துக்கே இடம் தராமல் அடுத்த ஆணுக்கும் வெற்றிதான் அனுமதி என்று விதித்துவிடுகிறது. 2013-இல் இத்தொடரை எழுத வந்த கெயில் சிமோன் அந்த வல்லுறவை நீக்கிவிட்டார். குடும்பமும் ஊரும் அழிந்த துயரம் அப்படியே இருந்தது. கதை சற்றும் பலவீனமாகவில்லை.

வன்முறையை வன்முறை என்றே உணராமல் எழுதிய கதைகள் உண்டா?

உண்டு. 1980-இல் வந்த, அவெஞ்சர்ஸ் என்ற வீரர் குழுவின் 200-ஆம் இதழில், மிஸ் மார்வெலாகிய கேரல் டான்வர்ஸ் ஒருவனால் கடத்தப்பட்டு, எந்திரத்தின் உதவியால் மனம் மாற்றப்பட்டு, கருவுற்றுக் குழந்தை பெறுகிறாள். முடிவில் அவனோடே மகிழ்ச்சியாகப் போவதாகக் கதை முடிகிறது. சக வீரர்கள் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். தமிழ்த் திரையில் ஒரு காலத்தில் கெடுத்தவனுக்கே கட்டிவைத்துப் பஞ்சாயத்து கலைந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கேரல் ஸ்டிரிக்லண்ட் என்ற வாசகி அதை வல்லுறவு என்றே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டே கிறிஸ் கிளேர்மாண்ட் எழுதிய ஆண்டு மலரில் கேரல் திரும்பிவந்து, என்னை ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று அந்த நண்பர்கள் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறாள்.

நன்றாகக் கையாளப்பட்ட கதைகளைச் சொல்ல முடியுமா?

இரண்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-மென் தொடரின் ஸ்டார்ம், காற்றையும் மழையையும் ஏவக்கூடியவள். 1976-இல் கிளேர்மாண்ட் எழுதி டேவ் காக்ரம் வரைந்த இதழில், ஒரு கோட்டைக்குள் நடக்கும் சண்டையின் நடுவே, சுவர்கள் நெருங்கியதும் அவள் உறைந்துபோய்ச் சுருண்டுவிடுகிறாள். அப்போதுதான் நமக்குக் காரணம் தெரிகிறது. கெய்ரோவில் சிறு குழந்தையாக இருந்தபோது வீட்டின் மேல் விமானம் விழுந்தது. இடிபாட்டுக்குள், இறந்த தாயின் அருகே, அவள் புதைந்து கிடந்தாள். அந்த நினைவு அவளுக்குச் சபதமாகவோ வசனமாகவோ வருவதில்லை. மூச்சுத் திணறலாக வருகிறது, அதுவும் அவள் உதவி மற்றவர்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறைத் தன் கையேட்டில் சேர்த்தது 1980-இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஒரு வண்ணக் காமிக்ஸ் அதைச் சரியாக வரைந்திருந்தது. அவள் ஆற்றல் அந்த இடிபாட்டிலிருந்து பிறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆற்றல் பிறவியிலேயே வந்தது. இடிபாடு தந்தது பயம் மட்டுமே.

மற்றொன்று ஜெசிகா ஜோன்ஸ். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி மைக்கேல் கேடோஸ் வரைந்த அந்தத் தொடர் 2001 முதல் 2004 வரை 28 இதழ்கள் வந்தது. பிறர் மனத்தை ஆட்டிவைக்கும் ஒருவன் அவளை எட்டு மாதம் தன் ஏவலுக்கு அடிமையாக வைத்திருந்தான் என்பது கடைசி ஐந்து இதழ்களில்தான் முழுதாகச் சொல்லப்படுகிறது. அதற்குள் அவள் குடிப்பதும் வாய்க்கு வந்தபடி திட்டுவதும் வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதும் வாசகருக்குப் பழகிவிட்டது. பாதிக்கப்பட்டவள் என்று அறிவதற்கு முன்பே அவளை ஒரு மனுஷியாக அறிந்துவிடுகிறோம். நிகழ்காலம் கேடோஸின் இருண்ட கோடுகளில் வர, பழைய நினைவுகளை மார்க் பேக்லி வழக்கமான சூப்பர் ஹீரோ பாணியில் பளிச்சென்று வரைந்திருப்பார். அந்தப் பளபளப்பின் நடுவே அந்தக் கொடுமை வரும்போது வயிற்றைப் பிசைகிறது. உடலை அம்பலப்படுத்தாமலேயே அவமானத்தின் முழுக் கனத்தையும் அது சொல்லிவிடுகிறது.

தமிழில் நாம் படித்து வளர்ந்த கதாநாயகிகள் யாராவது உண்டா?

மாடஸ்டி பிளைசியைத் தவிர வேறு யாரை முதலில் சொல்ல முடியும்? சிவகாசியில் 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’தான். மதுரை வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த இதழ் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்திருக்கும்.

பீட்டர் ஓ’டானல் எழுதி ஜிம் ஹோல்டவே வரைய, 1963-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் பிறந்த பாத்திரம் அது. பெயரும் ஊரும் அறியாத அகதிச் சிறுமியாக நாடு நாடாக அலைந்து, பின்னர் ஒரு குற்றக் கும்பலையே ஆண்டு, அதைக் கலைத்துவிட்டு வந்தவள் மாடஸ்டி. 1942-இல் வடக்குப் பாரசீகத்தில் படைவீரராக இருந்த ஓ’டானல், தனியே நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்திருக்கிறார்; மாடஸ்டிக்கு அவளே முன்மாதிரி. அவள் கழுத்தில் ஒரு வாரில் கட்டித் தொங்கியது நகையல்ல, ஆணி பொருத்திய ஒரு மரத்துண்டு. அதுவே அவள் ஆயுதம். படைவீரர்கள் உணவு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். பிறகு தன் வழியே நடந்து போய்விட்டாள். அவளுக்கு அதற்குமுன் என்ன நடந்தது என்று ஓ’டானலுக்குத் தெரியாது, அவர் கேட்கவுமில்லை. ஆணியும் கழுவிய தட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. எங்கள் பயிற்சியில் கதையை எழுதும் முன் இந்த இரண்டு பொருள்களைத்தான் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பாத்திரத்தின் கழுத்தில் என்ன தொங்குகிறது? யாரும் சொல்லாமலேயே அவள் எதைக் கழுவி வைக்கிறாள்?

காயமே இல்லாமல் ஒரு நாயகி உருவாக முடியாதா? வாசகருக்குச் சுவை குறையாதா?

மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? திருவிளையாடற் புராணம் சொல்லும் தடாதகைப் பிராட்டியின், நம் மீனாட்சியின், கதை என்ன? மலயத்துவசனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வித் தீயிலிருந்து மூன்று முலைகளுடன் ஒரு பெண் குழந்தை எழுந்து வருகிறாள். தகப்பன் கலங்குகிறான். மகனுக்கு உரிய கல்வியெல்லாம் கொடுத்து முடிசூட்டு என்று வானிலிருந்து குரல் கேட்கிறது. அவள் வளர்கிறாள், அரசாள்கிறாள், எண்திசையும் வெல்லப் புறப்படுகிறாள். சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம் என்று இந்தத் தோற்றக்கதையை வரிசை மாறாமல் ஊரே பார்க்கிறது. அவளைப் புறப்பட வைத்தது எந்த இழப்பும் அல்ல. சுவை குறைந்ததாக மாசி வீதியில் தேர் பார்க்க நெருக்கியடித்து நிற்கும் யாரும் சொன்னதில்லை.

வொண்டர் வுமன் 1941-இல் அறிமுகமானபோதும் அப்படித்தான்: அமேசான் என்ற புராணப் போர்வீராங்கனைகளுக்குள் நடந்த போட்டியில் வென்று வெளியுலகுக்குப் போகும் உரிமையைப் பெற்றாள். 2014-இல் தனித் தொடராக வந்த கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். அவளை எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமனத். வீட்டுக் கட்டுப்பாடும் பள்ளியில் பொருந்தாமையும் தான் யார் என்ற குழப்பமும் அவளுக்குப் போதுமான சிக்கலாக இருந்தன. ஆற்றல் வந்ததும் முதலில் தன்னை அறியாமலே பொன்னிற முடிகொண்ட வேறொருத்தியாக உருமாறிவிடுகிறாள். தன் முகத்தோடேயே நாயகியாக நிற்கப் பழகுவதுதான் அவள் தோற்றக்கதை.

கண்ணகி? நல்லதங்காள்? நம் மரபே காயத்தில் பிறந்த பெண்களைத்தானே கொண்டாடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சிலப்பதிகாரத்தைத் திறந்து கொலைக்களக் காதையைப் படியுங்கள். கோவலன் கொல்லப்படப் போகிறான் என்பது இளங்கோவுக்குத் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர் அவசரப்படவில்லை. ஆயர்பாடியில் கண்ணகி சமைக்கிறாள். வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வருகின்றன; காய் அரிந்து அரிந்து அவள் மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, அடுப்புப் புகையில் கண் சிவக்கிறது. வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறி, வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். அந்த அமைதியில்தான், இத்தனை நாள் பேசாதவள், ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதன் பிறகே அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். ‘தேரா மன்னா’ என்று அரசனை அழைத்த குரல் துயரத்தில் திடீரென்று முளைத்ததல்ல; முதல் வெட்டுக்கு முன்பே அடுப்படியில் அது கேட்டுவிட்டது. மதுரையை எரிக்கும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடச் சொல்லித் தீக்கு ஆணையிடுகிறாள். கோபத்திலும் அவள் தேர்ந்தெடுக்கிறாள்.

நல்லதங்காள் கதை வேறு. மானாமதுரையிலிருந்து பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்து, அண்ணியின் கொடுமையால் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் அநியாயமாகச் செத்த பெண்கள் பலர் இப்படிக் குலதெய்வம் ஆகியிருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்த குற்றத்தை ஊர் மறக்காமல் வைத்திருக்கும் முறை அது என்று நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளில் மறுநாள் கிடையாது. அவள் செத்த பிறகுதான் சக்தி பெறுகிறாள். காமிக்ஸ் எழுதுகிறவருக்கு அந்த மறுநாளை எழுதும் வசதி இருக்கிறது. கிணற்றின் விளிம்பிலிருந்து திரும்பி நடந்த ஒரு நல்லதங்காளை யாராவது வரைய வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.

கொடுமை நடக்கும் காட்சியை வரையாமல் எப்படிப் புரியவைப்பது?

காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது. அங்கே நடப்பதை வாசகர் தாமே நிரப்பிக்கொள்கிறார். அந்த வசதி இருக்கும்போது உடலை வரைய வேண்டிய தேவை மிகக் குறைவு. பார்க்கும் கண் யாருடையது என்பதை முதலில் தீர்மானியுங்கள். குற்றம் செய்பவன் நிற்கும் இடத்திலிருந்து வரைந்தால், நீங்கள் என்ன நினைத்து வரைந்தாலும், வாசகர் அவனோடு நின்று அவளைப் பார்க்கிறார். அவள் கண்ணிலிருந்து வரைந்தால் மின்விசிறியின் இறக்கையும் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பும் தெரியும். பயங்கரமான நேரத்தை அனுபவித்தவர்கள் பலரும் பிறகு சொல்வது இப்படிப்பட்ட துண்டு துண்டான பொருள்களைத்தான். வரிசையாகச் சொல்ல அவர்களால் முடிவதில்லை. ஆகவே கட்டங்களின் வரிசை குலைந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஒலிச்சொல்லை மட்டும் முதல் பக்கத்தில் ஒருமுறை, முப்பதாம் பக்கத்தில் வேறோர் இடத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தாழ்ப்பாள் விழும் ‘டக்’ போதும்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பின்னணியில், கள்ளிப்பாலிலிருந்து தப்பிய பெண்ணை நாயகியாக்கலாமா?

எழுதலாம்; ஆனால் நிறைய யோசித்து எழுத வேண்டும். 1980-களில் அந்த வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அன்றிலிருந்து கள்ளிப்பால் ஒரு முத்திரையாகிவிட்டது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே அதுதான் நினைவுக்கு வருகிறது என்று அங்கிருந்து வரும் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். வரதட்சணையும் வறுமையும் நிலம் யாருக்கு என்ற கணக்கும் கதையில் இல்லாவிட்டால், ஓர் ஊரையே அரக்கர்களாகக் காட்டுவதாகிவிடும்.

எழுத்துச் சிக்கல் ஒன்றும் உண்டு. பிறந்த மூன்றாம் நாள் நடந்தது அவளுக்கு நினைவிருக்க முடியாது. அவளுக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். ஆகவே காயம் அந்த நாளில் இல்லை. சொல்லப்பட்ட நாளில் இருக்கிறது. எங்கள் மாணவி ஒருவர் கொண்டுவந்த பக்கத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அப்பத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார்கள். ஆறு கட்டங்கள். ஐந்து கட்டங்களில் கைகள் மட்டுமே. நான்காவதில் அப்பத்தா சொல்கிறாள்: “ஒன்னைய எங்கிட்டத்தான் குடுத்தாக. கொல்லையில நின்னேன். ஒங்க ஆத்தா முழிச்சுக்கிட்டா.” ஐந்தாவதில் சிறுமியின் கை நின்றுவிடுகிறது, கிழவியின் கை நிற்கவில்லை. ஆறாவதில் முறத்தில் கீரை. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசவில்லை. அப்பத்தாவுக்கும் ஒரு காயம் இருக்கிறது என்பதை அந்த மாணவி ஒரு வார்த்தையும் செலவழிக்காமல் சொல்லியிருந்தார்.

பழிவாங்கும் கதையாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பழி முடிந்தபின் அவள் என்ன செய்வாள் என்று தெரியாவிட்டால் எழுத வேண்டாம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின் நடந்த போராட்டத்தில், நல்ல பெண்கள் இரவில் தனியே போகமாட்டார்கள் என்று ஒரு காவலர் சொன்னதைக் கேட்ட ராம் தேவினேனி, 2014-இல் பிரியா என்ற நாயகியை உருவாக்கினார். வல்லுறவுக்கு ஆளாகி வீட்டாராலும் ஒதுக்கப்பட்ட கிராமத்துப் பெண் பிரியா, பார்வதியின் அருளோடு புலிமேல் ஏறி ஊருக்குத் திரும்புகிறாள். கொல்வதற்காக அல்ல, பேசுவதற்காக. 2016-இல் வந்த அடுத்த பாகத்தில் அமிலவீச்சுக்கு உள்ளான பெண்களோடு நிற்கிறாள். தெய்வ வரம் பற்றி மேலே நான் சொன்ன குறை இதற்கும் ஓரளவு பொருந்தும். ஆயினும் வெட்கம் யாருடையது என்ற கேள்வியை ஊரை நோக்கித் திருப்பியதற்காக இதைப் படிக்கச் சொல்கிறேன்.

ஆண்கள் இதை எழுதலாமா?

எழுதலாம். மேலே பாராட்டியவற்றில் பல ஆண்கள் எழுதியவை. அச்சுக்குப் போகும் முன் இரண்டு பெண்களிடமாவது படிக்கக் கொடுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் கட்டத்துக்கு விளக்கம் சொல்லாமல் அதை மாற்றுங்கள்.

செய்தித்தாளில் வந்த உண்மைச் சம்பவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228அ பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் தடுக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆள் யாரென்று ஊகிக்க வைக்கும் எந்த விவரமும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேருந்து நிறுத்தம், பள்ளிச் சீருடையின் நிறம், தெருமுனைக் கடை ஆகியவற்றை வரைந்தாலே எங்கள் ஊரில் யாரென்று தெரிந்துவிடும்.

எழுதும்போது எனக்கே நடந்தது நினைவுக்கு வருகிறது. என்ன செய்வது?

பேனாவை வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை முடித்துத் தர வேண்டிய கடன் உங்களுக்கு யாரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்; ஆபத்தில் இருப்பவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். எங்களோடு இருந்த ஒருவர் தன் பக்கங்களை ஒரு காக்கி உறைக்குள் வைத்து ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓராண்டு கழித்து வந்து, உறையைக் கேட்கவில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகை எடை போடும் ஒரு பெண்ணைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் வரைந்திருந்தார். அந்தப் பெண் தராசுத் தட்டை ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறாள். ஏன் என்று கதையில் எங்கும் இல்லை. உறை இன்னும் என் அலமாரியில், ஒட்டியபடியே இருக்கிறது.